மஞ்சள் விளக்கு சொல்வது என்ன?

புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காய மூடைகளை இறக்கி முடிக்கும்போது விடிந்துவிட்டது. வியாபாரியிடம் காசை எண்ணி வாங்கிய பின்னர்தான் லொறியில் வந்த தம்பிமார் இருவரும் அந்த விளக்கைப் பற்றிப் பேச்செடுத்தார்கள். தம்புள்ளையைத் தாண்டியதும் மீற்றர் பலகையில் எஞ்சின் வடிவமுள்ள மஞ்சள் விளக்கு ஒன்று எரியத் தொடங்கியதாம். கொழும்பு வந்து சேரும்வரை அது அணையவில்லை. வாகனத்தின் இழுவையில் குறையில்லை. நிறுத்தி வைத்திருக்கும்போது மாத்திரம் எஞ்சின் சற்று நடுங்கியது.

அந்தச் சிறிய பெற்றோல் லொறி ஒருவருடையதன்று. கிளிநொச்சிப் பக்கத்தைச் சேர்ந்த ஐந்து குடும்பங்கள் சேர்ந்து வாங்கியது. மூன்று தடவை இடம்பெயர்ந்து, பிறர் வளவுகளிலும் முகாமிலும் இருந்து, திரும்பிப் போய்த் தறப்பாளின் கீழிருந்தே மறுபடி தோட்டம் செய்யத் தொடங்கிய குடும்பங்கள் அவை. நகை விற்ற காசும், வெளிநாட்டுப் பிள்ளை அனுப்பிய காசும், சங்கக் கடனும் அந்த லொறியில் கலந்திருக்கின்றன. அது நின்றால் ஐந்து வீட்டு விளைச்சலும் இடைத்தரகர் சொல்லும் விலைக்குத்தான் போகும்.

எனவே விளக்கைக் கண்டு அவர்கள் பயந்ததில் வியப்பில்லை. அருகில் விசாரித்து ஒரு கராஜுக்குப் போனார்கள். அங்கே ஒரு கருவியைப் பொருத்திப் பார்த்துவிட்டு, "ஒக்சிஜன் சென்சர் போய்விட்டது, பஞ்சிகாவத்தையில் வாங்கி வாருங்கள்" என்றார்கள். மருதானைப் பக்கம் நடந்து, பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கி, அந்தப் பயணத்து வெங்காயக் காசில் பெரும் பகுதியைக் கொடுத்து ஒரு சென்சர் வாங்கினார்கள். அதைப் பூட்டியதும் விளக்கு அணைந்தது. சந்தோசமாகப் புறப்பட்டார்கள். மதவாச்சியில் விளக்கு மீண்டும் எரிந்தது.

அன்றிரவு அவர்கள் எமக்குத் தொலைபேசி எடுத்தார்கள். எமக்கும் இந்த விடயத்தில் அப்போது பெரிதாக எதுவும் தெரியாது. ஆனால் தெரிந்தவர் ஒருவர் கொட்டாஞ்சேனையில் இருந்தார். அடுத்த லோட்டுடன் வரும்போது அவரிடம் கூட்டிச் சென்றோம். அன்று அவரிடம் கற்றதையும், அதன் பின்னர் தேடி அறிந்ததையும் இங்கே எழுதுகிறோம். இன்று எமது கிராமங்களில் லாண்ட்மாஸ்டருக்கும் பழைய கன்ரர் லொறிக்கும் அருகே கணினி வைத்த வாகனங்களும் வந்துவிட்டன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் உள்ளதை வைத்தே ஓட்டியதில் பலருடைய வாகனங்கள் முதிர்ந்துபோயின.

விளக்கு எங்கிருந்து வந்தது?

இந்த விளக்கின் கதை தோட்டத்தோடும் தொடர்புடையது. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சுற்றி 1940களில் கண் எரிக்கும் புகைமூட்டம் படர்ந்தது. கீரை வகைகளின் இலைகள் வெளிறிப் பழுதாயின. அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்து கொண்டிருந்த ஆரி ஹாகன் ஸ்மிற் என்ற விஞ்ஞானி, வாகனப் புகையும் எண்ணெய் ஆலைகளின் ஆவியும் சூரிய ஒளியில் சேர்ந்தே இந்தப் புகைமூட்டம் உண்டாகிறது என்று 1950களின் தொடக்கத்தில் காட்டினார். பின்னர் கலிபோர்னியாவின் காற்று வளச் சபைக்கு அவரே முதல் தலைவரானார். வாகனம் தன் புகையைத் தானே கண்காணித்து, பிழை கண்டால் சாரதிக்கு விளக்கால் அறிவிக்க வேண்டும் என்று அந்தச் சபை 1988 மாதிரி வாகனங்களிலிருந்து கட்டாயமாக்கியது. 1996 மாதிரி தொடக்கம் அமெரிக்காவில் விற்கப்படும் கார்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வடிவச் செருகியும் ஒரே இலக்க முறையும் வந்தன. இதைத்தான் ஓ.பி.டி. இரண்டு என்கிறார்கள். ஐரோப்பாவும் ஜப்பானும் இந்தியாவும் பிற்பாடு இதே வழியில் வந்தன.

ஆகவே இந்த விளக்கு முதலில் காற்றுக்குக் காவல். எஞ்சினுக்குக் காவல் அதற்குப் பின்னர்தான். பெயரிங் தேய்வதையோ, எஞ்சின் ஒயில் அடியில் ஒழுகுவதையோ அது சொல்லாது. ஒயில் அமுக்கத்துக்குத் தனிச் சிவப்பு விளக்கு உண்டு. அது எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்த வேண்டும். மஞ்சள் விளக்கு எரியவில்லை என்பதற்காக எஞ்சின் சுகமாயிருக்கிறது என்று எண்ணிவிடலாகாது.

இலக்கத்தை வாசித்தல்

ஸ்ரேறிங்கின் கீழே, முழங்கால் படும் இடத்தருகில், பதினாறு துளைகள் கொண்ட ஒரு செருகி இருக்கும். அதில் கருவியைப் பொருத்தினால் ஒரு எழுத்தும் நான்கு இலக்கங்களும் வரும். "பி" என்றால் எஞ்சினும் கியரும். அடுத்த இலக்கம் பூச்சியமானால் எல்லா வாகனங்களுக்கும் பொதுவான இலக்கம்; ஒன்றானால் அந்தக் கம்பனி தானே வைத்த இலக்கம். மூன்றாவது இடம் பகுதியைக் காட்டும். 1 அல்லது 2 எரிபொருளும் காற்றும், 3 பற்றவைப்பு, 4 புகைக் கட்டுப்பாடு, 7 கியர். கடைசி இரண்டும் குறிப்பான முறைப்பாடு. முதலாம் குறுக்குத் தெருவில் கைத்தொலைபேசியுடன் இணைக்கும் சிறு கருவிகள் விற்கிறார்கள். அவை பெரும்பாலும் நகல்கள். சில நன்றாக வேலை செய்யும், சில செய்யாது. கடையிலேயே ஒரு வாகனத்தில் பொருத்திக் காட்டச் சொல்லுங்கள். ஜப்பானின் உள்நாட்டுப் பாவனைக்கென்று செய்த பழைய வாகனங்களில் செருகி இருந்தும் கருவி பேசாமல் விடுவதுண்டு.

1990களின் ரொயோற்றா வாகனங்களில் கருவியே தேவையில்லை. எஞ்சின் பக்கத்துச் சோதனைப் பெட்டியில் குறித்த இரு முனைகளைக் கம்பியால் இணைத்தால் விளக்கு மின்னி மின்னிச் சொல்லும். இரண்டு மின்னல், ஒரு இடைவெளி, மீண்டும் இரண்டு மின்னல் என்றால் 22. தண்ணீர் வெப்பச் சென்சரின் சுற்று. முனை மாறினால் கணினியே எரிந்துவிடக்கூடும். பழகாதவர் கை வைக்க வேண்டாம்.

எமது தம்பிமாரின் லொறியில் வந்தது பி0171. எரிகலவையில் காற்று கூடி எரிபொருள் குறைந்துவிட்டது என்பதே அதன் பொருள். ஒக்சிஜன் சென்சர் பழுது என்று அந்த இலக்கம் எங்கும் சொல்லவில்லை.

நாக்கும் குழம்பும்

கொட்டாஞ்சேனை அண்ணை யாழ்ப்பாணத்தில் தொழில் பழகியவர். 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு நடந்தவர்களில் ஒருவர். பின்னர் வன்னி, அதன் பின்னர் கொழும்பு. அவர் கருவியைக் கையில் எடுக்கும் முன்னர் லொறியைச் சுற்றி வந்து, எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். எப்போது எரிந்தது, சூட்டிலா குளிரிலா, ஏற்றத்திலா, எங்கே பெற்றோல் அடித்தீர்கள் என்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். பிறகுதான் செருகினார்.

"தம்பி, இந்தச் சென்சர் நாக்கு மாதிரி" என்றார். "புகைக் குழாயில் இருந்து கொண்டு, மிஞ்சி வாற ஒக்சிஜனை ருசி பார்த்துச் சொல்லும். குழம்பு புளிக்குது எண்டு நாக்குச் சொன்னால் குழம்பைப் பாப்பியோ, நாக்கை மாத்துவியோ?"

தம்பிமார் இருவரும் நிலத்தைப் பார்த்தார்கள்.

அவர் விளக்கியதை எமது நடையில் சொல்கிறோம். ஒரு கிராம் பெற்றோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். உள்ளே போகும் காற்றை ஒரு மீற்றர் அளக்கிறது. அந்த அளவுக்கேற்பக் கணினி பெற்றோலைத் தெளிக்கிறது. எரிந்தபின் நாக்கு ருசி பார்க்கிறது. காற்றுக் கூட என்றால் கணினி பெற்றோலைச் சிறிது கூட்டும். குறைய என்றால் குறைக்கும். இந்தக் கூட்டல் குறைத்தலை நூற்றுக்கு எவ்வளவு என்று கருவியில் பார்க்கலாம். நல்ல எஞ்சினில் அது பூச்சியத்தைச் சுற்றி, கூடவோ குறையவோ ஐந்துக்குள் நிற்கும். கூட்டிக் கூட்டி இருபதைத் தாண்டிப் போய், இனிக் கூட்ட முடியாது என்ற நிலையில்தான் கணினி பி0171 ஐ எழுதி விளக்கை ஏற்றுகிறது.

அண்ணை அந்த எண்ணைப் பார்த்தார். எஞ்சின் சும்மா ஓடும்போது இருபதுக்கு மேலே நின்றது. அக்சிலேற்றரை அழுத்தி 2500 சுற்றில் வைத்தபோது ஐந்துக்கு இறங்கியது. அவருக்கு அதுவே போதுமாயிருந்தது. சும்மா ஓடும்போது எஞ்சின் பலமாக உறிஞ்சுகிறது, ஆனால் எடுக்கும் காற்று கொஞ்சம். அந்நேரம் எங்கோ ஒரு வெடிப்பால் களவாக நுழையும் காற்று பெரிய பங்காகிவிடும். மீற்றர் அதை அளக்கவில்லை. வேகத்தில் காற்று நிறைய வருவதால் அதே வெடிப்பு அற்பமாகிவிடும். மாறாக, சும்மா ஓடும்போது சரியாயிருந்து பாரம் ஏற ஏற எண் கூடியிருந்தால், எரிபொருள் பம்பு அல்லது அடைபட்ட பில்ரரைத் தேடியிருப்பார்.

பிறகு ஒரு விசிறிப் போத்தலில் தண்ணீர் எடுத்து, குழாய் மூட்டுகளில் ஒவ்வொன்றாகத் தெளித்தார். எஞ்சினின் அடிப்பெட்டி ஆவியை மீள உள்ளே இழுக்கும் ரப்பர் குழாயில் தெளித்ததும் நடுக்கம் ஒரு கணம் மாறியது. கழற்றிப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. சூட்டில் காய்ந்து பிளந்த ரப்பர். சிலர் தண்ணீருக்குப் பதிலாகப் பெற்றோலை விசிறுவார்கள். சூடான எஞ்சினில் அது தீக்குளிப்பு. எமது கண் முன்னே யாரும் அப்படிச் செய்ய நாம் விடமாட்டோம்.

புதுக் குழாயின் விலை, அவர்கள் சென்சருக்குக் கொடுத்ததோடு ஒப்பிடவே முடியாதது.

முதல் கராஜ்காரரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல நாம் தயாரில்லை. அவர் இலக்கத்தை வாசித்தார், ஆனால் விசாரிக்கவில்லை. இலக்கத்தை அழித்த பின்னர் அது திரும்ப எழுதப்படக் கொஞ்சத் தூரம் ஓட வேண்டும். பல பிழைகள் அடுத்தடுத்து இரு ஓட்டங்களில் தென்பட்டால்தான் விளக்கு எரியும். ஆகவே பூட்டியதும் விளக்கு அணைந்தது என்பது திருத்தத்துக்குச் சாட்சியாகாது.

வேறு சில இலக்கங்கள்

பி0301 முதல் பி0304 வரை: குறித்த சிலிண்டரில் எரிதல் தவறுகிறது. இரண்டாம் சிலிண்டர், அதாவது பி0302 என்று வைத்துக்கொள்வோம். காசில்லாத ஒரு சோதனை உண்டு. எஞ்சினை நிறுத்தி, இரண்டாம் சிலிண்டரின் கொயிலை மூன்றாவதற்கும் மூன்றாவதன் கொயிலை இரண்டாவதற்கும் மாற்றி வையுங்கள். இலக்கத்தை அழித்து ஓட்டிப் பாருங்கள். இலக்கம் பி0303 ஆக மாறினால் கொயில்தான் பழுது. இரண்டிலேயே நின்றால் கொயில் நல்லது. அடுத்து பிளக்கை இதேபோல மாற்றிப் பார்க்கலாம். அதுவும் இல்லையென்றால்தான் இன்ஜெக்டர், அமுக்கம் என்று போக வேண்டும்.

இந்த வகைப் பிழையில் விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால் அதைப் பொருட்படுத்தாமல் ஓடாதீர்கள். எரியாத பெற்றோல் புகைக் குழாயிலுள்ள சுத்திகரிப்புப் பெட்டிக்குள் போய் அங்கே எரிகிறது. விலையுயர்ந்த அந்தப் பெட்டி சிவக்கச் சூடேறி உருகிவிடும். வேகத்தையும் பாரத்தையும் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்த வேண்டும். காய்ந்த புல்லின் மேலோ வைக்கோலின் மேலோ நிறுத்தக் கூடாது.

பி0113, பி0118: காற்று வெப்பச் சென்சர், தண்ணீர் வெப்பச் சென்சர். கருவியில் வெப்பநிலையைப் பாருங்கள். கிளிநொச்சி வெயிலில் நின்று கொண்டு அது பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை என்று காட்டினால் சென்சரை வாங்க ஓடாதீர்கள். வயர் அறுந்திருக்கிறது அல்லது செருகி கழன்றிருக்கிறது. நெல்லுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தும் வாகனங்களில் இதைச் செய்தவர் யாரென்று உங்களுக்குத் தெரியும். எலி வயர் கடிக்காத வாகனம் எமது ஊர்ப்பக்கம் குறைவு.

கலப்பின வாகனங்கள், அதாவது பிரியஸ், அக்குவா போன்றவற்றில் பி0ஏ80 வந்தால் பெரிய பற்றரியின் விடயம். அங்கே உயர் வோல்ற்று மின்சாரம் ஓடுகிறது. செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடவே வேண்டாம்.

மண்ணெண்ணெய்க் காலமும் கொமன் றெயிலும்

அண்ணையுடன் பேசும்போது பழைய கதை வராமல் போகாது. 1990 இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை விழுந்த பின்னர், பெற்றோலைத் துளியாய்க் கண்ட காலத்தில், யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொரிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினைப் பற்றவைத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை கண்ணைக் கரிக்கும், பிளக் கரி பிடிக்கும், ஒயில் நீர்த்துப்போகும். இருந்தாலும் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ச் சேர்க்கும். அந்த எஞ்சின்களுக்குக் கணினியும் இல்லை, சென்சரும் இல்லை. அவற்றின் பிழையைக் காதும் மூக்கும்தான் வாசித்தன.

அந்தப் பழக்கத்தை இன்றைய டீசல் வாகனத்தில் யாரும் முயற்சிக்க வேண்டாம். கே.டி.எச். வான் போன்றவற்றிலுள்ள கொமன் றெயில் முறையில் உயர் அமுக்கப் பம்புக்கு டீசலே மசகு. மண்ணெண்ணெய் கலந்தால் பம்பு தேய்ந்து, தூள் இன்ஜெக்டர்களுக்குள் போய், முழுத் தொகுதியும் வீணாகும். 2022 எரிபொருள் நெருக்கடியில் பலர் பிளாஸ்ரிக் கலன்களிலும் பீப்பாய்களிலும் டீசல் சேர்த்து வைத்தார்கள். அவற்றில் சேர்ந்த தண்ணீரும் அழுக்கும் தாங்கிக்குள் போகத்தான் செய்யும். பி0087, அதாவது றெயிலில் அமுக்கம் குறைவு என்று வந்தால் முதலில் பில்ரரின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடியுங்கள், பில்ரரை மாற்றுங்கள், குழாயில் காற்று இழுக்கிறதா என்று பாருங்கள். பம்பும் இன்ஜெக்டரும் அதற்குப் பின்னர். எஞ்சின் ஓடும்போது உயர் அமுக்கக் குழாயைத் தளர்த்தாதீர்கள். ஆயிரம் பார் அமுக்கத்தில் சீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும். ஆனால் கையையே இழக்க நேரிடலாம். அப்படி நடந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது

பழைய பாகத்தைக் கையில் கொண்டு போங்கள். அதிலுள்ள இலக்கம், வயர்களின் எண்ணிக்கை, செருகியின் வடிவம் மூன்றும் பொருந்த வேண்டும். வாகனத்தின் சேசிஸ் இலக்கத்தையும் எழுதிக் கொண்டு போங்கள். ஒரே பெயருள்ள ஜப்பான் வாகனத்தில் ஆண்டுக்கு ஆண்டு சென்சர் மாறும். புதியதா, ஜப்பானில் பாவித்துக் கழற்றியதா, நகலா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். பாவித்தது கூடாது என்பதல்ல. கம்பனியின் பழைய சென்சர் புதிய நகலைவிட நன்றாக உழைப்பதைக் கண்டிருக்கிறோம். மின்சாரப் பாகங்களைப் பொதுவாகத் திருப்பி எடுக்க மாட்டார்கள். ஆகவே பற்றுச்சீட்டில் இலக்கத்தை எழுதுவித்து, மாற்றித் தரும் நிபந்தனையை வாங்குமுன் பேசிக்கொள்ளுங்கள்.

பாவித்த வாகனம் வாங்கும்போதும் இந்த விளக்கை நினைவில் வையுங்கள். சாவியைத் திருப்பி, எஞ்சினைத் தொடக்காமல் நிறுத்துங்கள். மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். தொடக்கியதும் அணைய வேண்டும். முதலிலேயே எரியாவிட்டால் விளக்கைக் கழற்றியிருக்கிறார்கள் அல்லது மறைத்திருக்கிறார்கள். விற்பவர் அன்று காலையில் பற்றரியைக் கழற்றி இலக்கத்தை அழித்திருக்கவும் கூடும். கருவியில் "சோதனைகள் முடியவில்லை" என்று பல வரிகள் காட்டினால் அதுதான் நடந்திருக்கிறது. குறைந்தது சில நாள் ஓட்டத்தின் பின்னர் மறுபடி பார்க்கிறோம் என்று சொல்லுங்கள். மேல் மாகாணத்தில் 2008 இல் தொடங்கிய புகைப் பரிசோதனையின் சான்றிதழைக் காட்டி விளக்கை நியாயப்படுத்துவார்கள். அந்தச் சோதனை குழாயிலிருந்து வரும் புகையைத்தான் அளக்கிறது. கணினியின் நினைவை அது பார்ப்பதில்லை.

கொட்டாஞ்சேனையில் குழாயை மாற்றிய பின்னர் அண்ணை விளக்கைத் தானாக அணையவிட விரும்பினார். பிழை திரும்ப வராமல் மூன்று ஓட்டங்கள் முடிந்தால் கணினியே விளக்கை அணைத்துவிடும் என்றார். முதல் நாள் குருநாகல் வரை எரிந்ததாம். மூன்றாம் நாள் காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர்ப் பம்பு ஏற்றிப் போகும்போது பார்த்தால், இல்லை. கழற்றிய பழைய சென்சரை அவர்கள் எறியவில்லை. பழுதில்லாத அந்தச் சாமான் இன்றும் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள், லொறியின் பற்றுச்சீட்டுகளோடு இருக்கிறது. அண்ணை அன்று குழாயின் விலையை மட்டும் வாங்கிக்கொண்டார். கூலிக்குப் பதிலாக, அடுத்த முறை வரும்போது பிடியோடு கட்டிய வெங்காயம் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னார். கொழும்பில் விற்பது ஊர் வெங்காயம்தானா என்று அவருக்குச் சந்தேகம்.